முதலில் இறுக்கிய நாலு போல்ட்

நெடுந்தீவில் இன்று யாரைக் கேட்டாலும் சோமாஸ்கந்தனுக்குக் கை தவறிவிட்டது என்றுதான் சொல்வார்கள். மாவலித்துறையில் படகுக்குக் காத்து நிற்பவர்கள், சங்கக்கடை வரிசையில் நிற்பவர்கள், எல்லோர் வாயிலும் இதே கதைதான். நாற்பது வருடத்துக்கு மேல் இந்தத் தீவின் வாகனங்களை உயிரோடு வைத்திருந்தவன் அவன். ஒரேயொரு சத்தத்தில் அத்தனையும் அடிபட்டுப் போய்விட்டது. சனத்தைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் கதையைக் கடைசியில் உறுதிப்படுத்திக் கொடுத்தவனே நான்தான். முப்பத்திரண்டு வருடம் உபதபாலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவன் சொன்னால் சனம் நம்பாமல் விடுமா?

சோமு என் வீட்டிலிருந்து இரண்டு வேலி தள்ளி இருக்கிறான். என்னைவிட ஆறு வயது இளையவன். பத்தொன்பது வயதில் பாலசிங்கத்தார் வீட்டு ஜீப்புக்குச் சாரதியாகப் போனான். பாலசிங்கத்தார் வயலும் பனங்காணியும் நிறைய வைத்திருந்த மனிதர், வேட்டியில் ஒரு சுருக்கம் விழவிடமாட்டார். ஜீப் பழைய லாண்ட்றோவர். பச்சை நிறம், பெற்றோல் எஞ்சின், அலுமினிய உடம்பு. எங்கள் கடற்காற்றுக்கு இரும்பெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துபோகும். அந்த உடம்பு மட்டும் அசையவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு பாலசிங்கத்தார் குடும்பத்தோடு லண்டனுக்குப் போனார். படகில் ஏறும்போது ஜீப்பின் திறப்பைச் சோமுவின் கையில் வைத்து, "இனி இது உன்ரை பொறுப்பு" என்றார். வாகனத்தின் பதிவுப் புத்தகத்தைக் காணி உறுதிகளோடு சேர்த்துத் தன்னுடனே கொண்டு போனார். எங்களூர் வழக்கமே அதுதான். போகிறவர்கள் திறப்பைக் கொடுப்பார்கள், கடதாசியைக் கொடுக்கமாட்டார்கள். திறப்பை வாங்கியவன் கடதாசியைக் கேட்பது மரியாதைக் குறைவு. எத்தனை வீடுகள், எத்தனை காணிகள், எத்தனை கிணறுகள் இப்படி ஒருவர் பார்க்க இன்னொருவர் பெயரில் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். அந்த லண்டன், கனடாக் கடிதங்களையெல்லாம் பிரித்து அடுக்கியவன் நான். இந்த மரியாதையில் மண்ணைத்தான் போடவேண்டும்.

சோமுவும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமா, வருடா வருடம் ஜீப்பின் வரிப்பத்திரத்தைப் பாலசிங்கத்தாரின் பெயரிலேயே எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, "ஐயாவின்ரை பேர் மங்கக்கூடாது" என்பான். எனக்கு வயிறெரியும். சொன்னால் சிரிப்பான்.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் குடாநாட்டிலேயே பெற்றோல் இல்லை, தீவில் எங்கே கிடைக்கும்? மண்ணெண்ணெயில்தான் வாகனம் ஓடவேண்டும். குளிர்ந்த மண்ணெண்ணெயில் எஞ்சின் இருமிக்கொண்டு நின்றுவிடும். எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாய்க்கு மனிபோல்ட் என்று பெயர். சோமு அந்தக் கொதிக்கும் மனிபோல்ட்டைச் சுற்றி ஒரு செப்புக் குழாயைச் சுருட்டிக் கட்டி, அதற்குள்ளால் மண்ணெண்ணெயை விட்டுச் சூடாக்கி எஞ்சினுக்கு அனுப்பினான். கார்புரேற்றருக்குள் ஒரு தேக்கரண்டி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவான். பாம்பு கடித்தவர்களும் பிள்ளை பெற இருந்தவர்களும் அந்த ஜீப்பில்தான் துறைக்குப் போனார்கள். என் தங்கை கிருசாந்தியும் அதில்தான் போனாள், பிள்ளையோடு திரும்பி வந்தாள். அதற்காகவே அவனுக்கு நான் கடமைப்பட்டவன்.

சண்டை முடிந்த பிறகு தெற்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஊர் பார்க்கச் சனம் வரத் தொடங்கியது. சோமு துறையில் ஜீப்போடு நிற்பான். கோட்டை, குதிரைகள், பெருக்குமரம், கல்வேலி என்று சுற்றிக் காட்டிப் படகு நேரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுவான். அவனும் மனைவி சௌந்தரநாயகியும் சாப்பிட்டது அந்தச் சோறுதான். வேறு வருமானம் கிடையாது. ஊரவர்களின் உழவு இயந்திரங்களைத் திருத்திக் கொடுப்பான். அதற்கு மீனும் பனை ஒடியலும் வரும், நல்ல பெயரும் வரும். "சோமு பூட்டினது கழராது" என்று ஒரு பேச்சே இருந்தது. அவனுக்கு அந்தப் பேச்சு மீனைவிடப் பெரிது.

இந்த வருடம் ஆனியில் ஜீப் படுத்துவிட்டது. மண்ணெண்ணெய் குடித்துக் குடித்து வெந்திருந்த புகை மனிபோல்ட் நடுவில் விரல் நீளத்துக்கு வெடித்துவிட்டது. புகை உள்ளே வந்து முன்னால் இருப்பவர்களின் கண்ணை எரித்தது. நல்லூரிலிருந்து வந்த ஓர் ஆசிரியை பெருக்குமரத்தடியில் சத்தி எடுத்துவிட்டு, திரும்பும்போது நிசாந்தனின் ஓட்டோவில் ஏறிப் போனார். நிசாந்தன் துறையில் எங்கள் சோமுவுக்குப் போட்டிக்காரன். அவன் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அந்த நேரத்தில்தான் லண்டனிலிருந்து வசீகரன் போன் எடுத்தான். பாலசிங்கத்தாரின் மகன். போகும்போது எட்டு வயது, இப்போது தகப்பனும் இல்லை. "சோமண்ணை, ஆடியிலை வாறன். அப்பாவின்ரை ஜீப்பை நல்ல வடிவாத் திருத்தி வையுங்கோ. அதுக்கு ஒரு முடிவெடுக்கவேணும்" என்றான்.

சோமு அன்று என் வீட்டுக்கு ஓடி வந்த மாதிரி நான் ஒருநாளும் கண்டதில்லை. "அண்ணை, புத்தகத்தை என்ரை பேருக்கு மாத்தப் போறான் பெடியன். தேப்பன் சாகேக்கை சொல்லிப்போட்டுத்தான் செத்திருப்பார்" என்றான். அவன் கண் கலங்கியது. எனக்கும் நம்ப ஆசையாக இருந்தது. நம்பினேன்.

அடுத்த நாளே எஞ்சினில் கை வைத்தான். மனிபோல்ட் ஒன்றல்ல, இரண்டு. மேலே இருப்பது காற்றையும் பெற்றோலையும் எஞ்சினுக்குள் கொண்டுபோவது. கீழே இருப்பது புகையை வெளியே கொண்டுபோவது. இரண்டும் நடுவில் நாலு போல்ட்டால் ஒன்றோடொன்று பிணைந்து, பிறகு ஒன்றாக எஞ்சினின் தலையில் போய் ஒட்டும். உப்புக்காற்றில் நட்டெல்லாம் ஒரே கட்டி. நாலு நாள் டீசல் ஊற்றி ஊறவைத்து, சூடுகாட்டி, தட்டித் தட்டிக் கழற்றினான். அப்படியும் தலையில் நின்ற இரண்டு திருகாணிகள் முறிந்தன. முறிந்த அடியைத் துளைபோட்டு எடுக்க ஒரு முழுநாள் பிடித்தது. அன்று அவன் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, சௌந்தரநாயகி வைத்த சோறு அப்படியே காய்ந்தது.

இரண்டு இரும்பையும் உரப்பையில் போட்டுத் தோளில் சுமந்து படகேறினான். குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டறைக்குப் போனான். நானும் துணைக்குப் போனேன். வார்ப்பிரும்பை ஒட்டுவது லேசான வேலையில்லை. முழு இரும்பையும் பழுக்கக் காய்ச்சி, ஒட்டி, உடனே சூடான சாம்பலுக்குள் புதைத்து ஒரு நாள் ஆறவிட வேண்டும், அவசரப்பட்டால் பக்கத்தில் வெடிக்கும். ஒட்டி ஆறியபின் முகம் இரண்டையும் கடைந்து மட்டமாக்கினார்கள். அந்தப் பட்டறை மெசினில் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிக் கடைய இடமில்லை, தனித்தனியாகத்தான் கடைந்தார்கள்.

திரும்பி வரும் படகில் சோமு எனக்கு விளங்கப்படுத்தினான். அலை அடித்தது, பையைக் காலுக்குள் இறுக்கி வைத்திருந்தான். "தனித்தனியாக் கடைஞ்சதாலை பூட்டேக்கைதான் கவனம் வேணும் அண்ணை. இந்த நாலு போல்ட்டையும் முதல் இறுக்கக்கூடாது. சும்மா தொட்டும் தொடாமலும் விட்டிட்டு, ரண்டையும் தலையோடை சேத்து இறுக்கவேணும். அதுகள் தங்கடை இடத்திலை போய் இருந்தாப்பிறகுதான் நாலையும் இறுக்கிறது. மாறிச் செய்தால் இரும்பு முறுகி நிக்கும். சூடேற வெடிக்கும். கனபேர் விடுற பிழை அதுதான்."

"நீர் விடமாட்டீர்தானே?" என்று பகிடிக்குக் கேட்டேன்.

"நான் செத்தாலும் விடமாட்டன்" என்றான்.

மனிபோல்ட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் தகட்டுக் கஸ்கற்றைத் தானே வெட்டினான். தகட்டை இரும்பின் முகத்தில் வைத்து, ஓரம் ஓரமாகச் சின்னச் சுத்தியலால் தட்ட, துளைகள் தாமாக விழுந்தன. செப்புக் குழாய் சுற்றிய தடம் மனிபோல்ட்டில் இன்னும் வளையம் வளையமாகத் தெரிந்தது. அதை மட்டும் அராவாமல் விட்டான். எல்லாம் கழுவி, துடைத்து, பூட்டுவதற்குத் தயாராகச் சாக்கில் வைத்தான். வசீகரன் வர ஐந்து நாள் இருந்தது.

அன்று காலைதான் எனக்குச் செய்தி வந்தது. சோமுவிடம் இருப்பது பொத்தான் போன், அதனால் வசீகரன் எனக்கு வட்ஸ்அப்பில் எழுதினான். கொழும்பிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறானாம். அவர் பழைய ஜீப் வாங்குபவராம், விலை பேசியாயிற்றாம். சோமண்ணைக்கு மனம் நோகும், நேரில் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்லிவிடாதீர்கள் என்று ஒரு கும்பிடும் போட்டிருந்தான்.

மனம் நோகுமாம். லண்டனிலிருந்து இவ்வளவு நுணுக்கமாக மனம் பார்க்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாரத்தைக் கட்டிக்கொண்டு நேரே சோமுவிடம் போய் வாசித்துக் காட்டிவிட்டேன்.

அவன் கேட்டான். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னான். "விலை பேசினதோ?" என்றான். "ஓம்" என்றேன். கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். பிறகு சாக்கிலே இருந்த இரண்டு மனிபோல்ட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தான். நாலு போல்ட்டையும் போட்டான்.

"அண்ணை, அந்த அரையை இஞ்சாலை தாங்கோ" என்றான். அரை அங்குல ஸ்பானர் என் காலடியில் கிடந்தது.

அவன் முதலில் அந்த நாலையும் இறுக்கினான். முழுப் பலத்தோடு, ஸ்பானரின் வாலில் ஒரு குழாயைச் செருகி, கை நரம்பு புடைக்க இறுக்கினான்.

"சோமு, நீர் படகிலை சொன்னது..." என்று தொடங்கினேன்.

"சொன்னனான்தான். மறக்கேல்லை" என்றான். தலையை நிமிர்த்தவில்லை. "சத்தம் கேட்டால் வாறவன் வேண்டாம் எண்டு போயிடுவான். பிறகு கழட்டி வடிவாப் பூட்டிறது அரைநாள் வேலை. என்ரை சோத்திலை கைவைக்க விடமாட்டன், அண்ணை."

நான் தடுக்கவில்லை. இரும்பைத் தூக்கித் தலையில் பொருத்தும்போது மறு பக்கத்தைப் பிடித்ததும் நான்தான். கடைசித் துளை சரியாக வரவில்லை. நெம்பி, நட்டால் இழுத்து ஒட்டவைத்தான். இரும்பு 'ணங்' என்று ஒரு முனகல் முனகியது. நாற்பது வருடத்தில் அவன் தெரிந்தே செய்த முதல் கெட்ட வேலை அது, அதையும் அவன் கழுவித் துடைத்துத்தான் பூட்டினான்.

வசீகரன் வந்தான். கறுப்புக் கண்ணாடி, முழங்காலுக்கு மேல் ஒரு காற்சட்டை. சோமுவைக் கட்டிப்பிடித்து, ஒரு பை சொக்கிலேற்றைக் கொடுத்தான். முப்பத்துநாலு வருடத்துக்கு ஒரு பை சொக்கிலேற். பிறகு, "சோமண்ணை, குறை நினையாதையுங்கோ, உந்த ஜீப்பை வைச்சிருந்து என்ன செய்யிறது, வித்திட்டம்" என்றான். சோமு, "அது உங்கடை சாமான், தம்பி" என்றான். அதைச் சொல்லும்போது அவனைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

கொழும்புக்காரர் அதிகம் பேசாத மனிதர். ஜீப்புக்குக் கீழே படுத்துப் போய், அடிச்சட்டமான சேஸ் இரும்பைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். இலக்கத்தைச் சுரண்டிப் பார்த்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். பொனற்றைத் திறக்கவே இல்லை. சோமு தானே போய்த் திறந்து, எஞ்சினை ஓடவிட்டான். கொஞ்ச நேரத்தில் சூடேறி, கடைசித் துளைப்பக்கம் டிக் டிக் டிக் என்று கேட்கத் தொடங்கியது.

"எஞ்சின் சரியில்லை, ஐயா. சத்தம் கேக்குதெல்லோ? இது குறிகட்டுவான் தாண்டாது" என்றான் சோமு.

"கேக்குது" என்றார் அவர். தானே பொனற்றை மூடினார். "சரி, போவம்" என்று வசீகரனிடம் சொன்னார்.

சோமு என்னைப் பார்த்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவனுக்கும் விளங்கவில்லை. கடைசி ஓட்டத்தை அவன்தான் ஓட்டவேண்டும் என்று வசீகரன் பெரிய மனதோடு சொன்னான். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மாவலித்துறையில் உழவு இயந்திரங்கள் ஏற்றும் தட்டைப் படகு வந்து நின்றது. காலைப் படகுக்கு வந்த சனம் முழுவதும் கரையில். படகில் ஏறும் பலகை கொஞ்சம் செங்குத்து. சோமு முதல் கியரில் போட்டு மிதித்தான். பாதிப் பலகையில் ஏறும்போது மனிபோல்ட் வெடித்தது. வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம், பொனற்றின் இரு பக்கத்தாலும் கறுத்தப் புகை, எஞ்சின் இரண்டு உதறு உதறி நின்றது. ஜீப் பின்னால் உருண்டு கரையில் வந்து நின்றது. சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்தின.

வசீகரனின் முகம் சிவந்துவிட்டது. வாங்குபவருக்கு முன்னால் வெட்கம். "சோமண்ணை, திருத்தி வையுங்கோ எண்டெல்லோ சொன்னனான்? இதோ நீங்கள் திருத்தினது? இத்தனை வருசமும் இப்பிடித்தான் பாத்தனீங்களோ?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

நிசாந்தன் ஓட்டோவில் சாய்ந்து நின்றுகொண்டு, "சோமண்ணைக்குக் கண் மறைக்குது போலை" என்றான். சனம் சிரித்தது. நான் கூட வளர்ந்த சனம், அவனுடைய ஜீப்பில் துறைக்குப் போய்ப் பிழைத்த சனம்.

கொழும்புக்காரர்தான் சமாதானப்படுத்தினார். "விடுங்கோ தம்பி, ஏன் அவரைப் பேசுறீங்கள்? எஞ்சினைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஜப்பான் டீசல் எஞ்சின்தான் போடப்போறன். எனக்குச் சேஸும் புத்தகமும் காணும். எஞ்சின் ஓடினால் என்ன, ஓடாட்டி என்ன?"

சோமு ஸ்ரியரிங்கில் கைவைத்தபடி இருந்தான். நல்ல எஞ்சின் என்றாலும் ஜீப் போயிருக்கும். கெட்ட எஞ்சின் என்றாலும் ஜீப் போயிருக்கும். போகாமல் இருந்திருக்கக்கூடியது அவனுடைய பெயர் ஒன்றுதான். அதைத் தன் கையாலேயே, குழாய் போட்டு நெம்பி இறுக்கிக் கெடுத்திருந்தான். வாய் திறந்து என்ன சொல்வான்? நான் வேண்டுமென்றுதான் பிழையாகப் பூட்டினேன் என்றா? ஒருமுறை வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

எட்டுப் பேர் சேர்ந்து தள்ளித்தான் ஜீப்பைப் படகில் ஏற்றினார்கள். சோமு இறங்கி, கியரை நடுவில் விட்டு, பின்னால் போய்த் தானும் தோள் கொடுத்தான். "ஓரத்தை விட்டிட்டு நடுவிலை பிடியுங்கோ, தகடு நெளியும்" என்று மற்றவர்களுக்குச் சொன்னான்.

இது நடந்து மூன்று மாதமாகிறது. ஊரில் ஒருவரின் உழவு இயந்திரம் பழுதானதும் நிசாந்தன் ஊர்காவற்றுறையிலிருந்து ஆள் கொண்டுவந்தான். கோயில் தண்ணீர்ப் பம்புக்கும் அந்த ஆள்தான். சோமு வேலைசெய்யும் கொட்டிலுக்கு யாரும் ஒன்றும் திருத்தக் கொண்டுவருவதில்லை. சௌந்தரநாயகி மட்டும் விடவில்லை. கிணற்றடியில், கோயிலில், சங்கக்கடையில், எங்கே யார் என்ன சொன்னாலும், "என்ரை மனுசன் பூட்டினது கழராது. அந்தப் பட்டறையிலை ஒட்டினது பிழை" என்று மல்லுக்கு நிற்பாள். அவளோடு பேசி வெல்ல யாராலும் முடியாது.

போன கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சோமு கொட்டிலுக்குள் ஏதோ அராவிக்கொண்டிருந்தான். தகரத்துக்கு அந்தப் பக்கம் அரம் உரசும் சத்தம் கேட்டது. சௌந்தரநாயகி முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணீர் தந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணை, நீங்கள் பூட்டேக்கை பக்கத்திலை நிண்டனீங்கள். எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ. பட்டறைக்காரன்ரை பிழையோ, இவர் வேணுமெண்டு ஏதும் செய்தவரோ? இவர் ராவிலை நித்திரை கொள்ளுறேல்லை" என்று கேட்டாள்.

எனக்கு யோசிக்க நேரமில்லை. பட்டறைக்காரன் ஒரு பாவமும் அறியாதவன். உண்மையைச் சொன்னால் அவள் தலையில் தூக்கிவைத்திருக்கும் மனிதன் ஒரு ஏமாற்றுக்காரன் ஆகிவிடுவான். அதைவிட இது பரவாயில்லை என்று நினைத்தேன். அவனைக் காப்பாற்றுவதாகவே நினைத்தேன்.

"வயசு போகுதெல்லோ, பிள்ளை" என்றேன். "கை தவறிட்டுது."

அரம் உரசும் சத்தம் நின்றது.

சோமு வெளியே வந்தான். கையைத் துணியில் துடைத்தான். என்னை ஒரு கணம் பார்த்தான். "தேத்தண்ணியைக் குடியுங்கோ அண்ணை, ஆறுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளே போனான்.

நேற்றுச் சங்கக்கடையில் யாரோ வழக்கம்போலச் சோமுவின் கதையை எடுத்தார்கள். சௌந்தரநாயகி வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். அவள் சண்டைக்குப் போகவில்லை. பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "ஓம், அவருக்குக் கை தவறிட்டுது" என்றாள்.